பழைய ஆடி டிடியா, புது கோல்ஃப் ஜிடிஐயா?

கேள்வி, 2025 நவம்பர் 9

கோவை சரவணம்பட்டி. வயசு 37. வீட்டுக்காரம்மா, ஆறு வயசுப் பையன். ஊர்ல பங்கு நிலம் வித்ததுல கையில 36 லட்சம் இருக்கு. சென்னையில 2016 ஆடி டிடி (Audi TT, ரெண்டு கதவு ஜெர்மன் கார்) ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். தமிழ்நாட்டுப் பதிவு, ரெண்டாவது ஓனர், 38,000 கி.மீ., 33 லட்சம் கேக்குறார். இன்னொரு பக்கம் புது ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ. மிச்சத்துக்கு லோன் போடணும். டிடிதான் அசல் ஸ்போர்ட்ஸ் கார், எஞ்சினே வேற, கோல்ஃப் என்ன இருந்தாலும் ஹேட்ச்பேக்தான்னு தோணுது. வீட்டுல ஸ்விஃப்ட் இருக்கு, அதை விக்கப் போறதில்லை. ஓட்டினவங்க சொல்லுங்க.

பதில், நவம்பர் 9, இரவு

எஞ்சினே வேறன்னு யாருங்க சொன்னது? 2015-ல இங்க வந்த மூணாம் தலைமுறை டிடியில இருக்கறது ஈஏ888-ங்கற எஞ்சின் குடும்பத்து 2.0 லிட்டர் டர்போ. ஜிடிஐயில இருக்கறது அதே குடும்பத்துல அடுத்த தலைமுறை. அடித்தளமும் ரெண்டுக்கும் எம்க்யூபிங்கற ஒரே தளம்தான். 2017-ல வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230-யும் இதே வகையறா. முதல் டிடியே நாலாம் தலைமுறை கோல்ஃப் தளத்து மேல கட்டினதுதான். ஐரோப்பாவுலயே அதைச் சட்டை மாத்தின கோல்ஃப்னு கிண்டல் பண்ணுவாங்க.

வித்தியாசம் வேற இடத்துல. டிடி 230 பிஎஸ் (குதிரைத்திறன்), நாலு சக்கர இழுவை, நூறு கி.மீ. வேகத்தைத் தொட 5.3 விநாடி. ஜிடிஐ 265 பிஎஸ், முன்சக்கர இழுவை, 5.9 விநாடி. முப்பத்தஞ்சு குதிரை கூட இருந்தும் பின்தங்குது, ஏன்னா நின்ன இடத்துலருந்து கிளம்பும்போது முன்சக்கரம் ரெண்டும் தரையைப் பிடிக்கத் திணறும். ஓடிட்டிருக்கறப்போ மிதிச்சா கதை வேற, அங்க ஜிடிஐ குறைச்சல் இல்லை.

அதனால எது அசல், எது நகல்ங்கற பேச்சை விட்டுடலாம். காசு, இன்சூரன்ஸ், உதிரிபாகம், உங்க வீட்டு பார்க்கிங் சரிவு, அதாவது ராம்ப். பேச வேண்டியது இந்த நாலும்தான்.

நவம்பர் 9, தூங்கப் போறதுக்கு முன்னாடி

காசு. ஜிடிஐ மே மாசம் வந்தப்போ ஷோரூம் விலை 52.99 லட்சம். முதல் தவணையா வந்த 150 காரும் விலை சொல்றதுக்கு முன்னாடியே போயிடுச்சு. செப்டம்பர்ல ஜிஎஸ்டி மாறின பிறகு என்ன விலைன்னு டீலர்கிட்ட எழுத்துல வாங்கிக்குங்க. நான் மே விலையிலயே போடறேன்.

தமிழ்நாட்டுல 2023 நவம்பர்லருந்து 20 லட்சத்துக்கு மேல போற காருக்கு ஆயுள் வரி 20 விழுக்காடு. 52.99-க்கு அது மட்டும் 10.6 லட்சம் வருது. ஒரு விழுக்காடு டிசிஎஸ் (விக்கும்போதே பிடிக்கற வருமான வரி), இன்சூரன்ஸ், மத்ததெல்லாம் சேத்தா 65-க்குக் கீழ இறங்காது. அந்தப் பத்தரை லட்சம் நம்பர் பிளேட் மாட்டின அன்னிக்கே போச்சு. பின்னால விக்கும்போது அதுக்குன்னு தனியா யாரும் பைசா தரமாட்டாங்க.

டிடி அன்னிக்கு 60 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. அப்போ வரி 15 விழுக்காடு, ஒன்பது லட்சம். முதல் ஓனர் கட்டிட்டார், பாவம். தமிழ்நாட்டு வண்டிங்கறதால நீங்க மறுபடி கட்ட வேண்டாம். இதே கார் டெல்லி, ஹரியானா நம்பரா இருந்தா என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்க திரும்ப ஆயுள் வரி கட்டி, அந்த ஊர்ல கட்டினதைத் திரும்பக் கேட்டு அலைஞ்சிட்டு இருப்பீங்க. வட இந்தியக் கார் மலிவா தெரியறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

அஞ்சு வருஷம் வெச்சிருந்து விக்கறதா வெச்சுக்குவோம். ஜிடிஐயில 28-30 லட்சம் கரையும், டிடியில 13-15. இது என் ஊகம்தான், ஆனா பாதிக்குப் பாதிங்கறது ரொம்ப மாறாது. நான் டிடி பக்கம்.

நவம்பர் 10

"ஆடி மாசம் வாங்கினா தள்ளுபடி உண்டா"ன்னு ஒருத்தர். இருக்குங்க, மாப்பிள்ளையை மாமியார் வீட்டுக்கு அனுப்பறதோட சேத்து.

நவம்பர் 12

நேத்து முழுக்க இதையே யோசிச்சிட்டிருந்தேன். டிடி பக்கம்னு சட்டுனு எழுதினதுல இன்சூரன்ஸ் வரலை. பழைய ஸ்போர்ட்ஸ் கார்ல ஆள் மாட்டறது எஞ்சின்ல இல்லை, பம்பர்ல.

புதுக் காருக்குத் தேய்மானம் கழிக்காத பாலிசி போடலாம். அஞ்சு வருஷம் தாண்டின காருக்கு அதைப் பெரும்பாலான கம்பெனிக தர்றதில்லை. சாதாரண பாலிசியில பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி எல்லாத்துக்கும் பாதிதான் கிடைக்கும். ஃபைபர்னா முப்பது விழுக்காடு கழிப்பாங்க. உலோகத்துக்கு அஞ்சுலருந்து பத்து வருஷக் காருன்னா 40, பத்து தாண்டினா 50. கண்ணாடிக்கு மட்டும் கழிக்கறதில்லை. 2016 வண்டி இன்னும் சில மாசத்துல பத்தைத் தாண்டுது. இன்னிக்குக் காருல முகப்பு பூரா பிளாஸ்டிக்தான்: பம்பர், கிரில், ஹெட்லைட். முன்பக்கம் ஒரு தடவை இடிபட்டா பாதிச் செலவு உங்களது.

என்கிட்ட இருக்கறதும் பழசா வாங்கின ஒரு ரெண்டு கதவு ஜெர்மன் கார்தான். பேரு வேண்டாம், சொன்னா இந்த விவாதம் அடுத்த ஆடி வரைக்கும் ஓடும். சூலூர் பக்கம் எதிர்த்திசையில வந்த டூவீலர் ஒண்ணு இடதுபக்க மூலையில மோதிச்சு. அந்தப் பையனுக்கு ஒண்ணும் ஆகலை, நல்லவேளை. ஹெட்லைட், பம்பர், உள்ள இருந்த சென்சார். கிளெய்ம் பண்ணதுல பாதிக்கும் குறைவாத்தான் வந்துச்சு. அது கூடப் பரவாயில்லை. ஹெட்லைட் கடல் தாண்டி வந்து சேர்றதுக்குள்ள ஒரு மழைக்காலம் முடிஞ்சு போச்சு. அதுவரைக்கும் கார் துணி போத்திக்கிட்டுக் கிடந்தது.

டிடியில இதுக்கு மேல ஒரு சங்கதி உண்டு. பானெட், கதவு, டிக்கி மூடி, முன் ஃபெண்டர் எல்லாம் அலுமினியம். நம்ம ஊர் டிங்கர் இரும்புத் தகடைத் தட்டி எடுக்கறதுல கில்லாடி. அலுமினியம் அப்படி இல்லை, நீட்டினா திரும்பிச் சுருங்காது, சூடு கூடினா சட்டுனு உருகிடும், கருவியும் தனியா வெச்சுக்கணும். அதனால சின்ன நெளிவுக்கே கதவை மாத்துன்னு எஸ்டிமேட் வரும். மாடலே 2023 நவம்பரோட நின்னு போச்சு. எஞ்சின், கியர் பாகங்களுக்குக் கவலையில்லை, ஆயிரம் கார்ல அதுவேதான் இருக்கு. டிடிக்குன்னே செஞ்ச பானெட், கதவு, விளக்குதான் வருஷம் போகப்போகச் சிக்கல்.

நவம்பர் 12, இரவு

மேல ஒருத்தர் "அப்போ புதுசுதான்னு சொல்றீங்களா"ன்னு கேட்டிருக்கார். இல்லை. புதுசுல நஷ்டம் நிச்சயம், ஆனா தொகை முன்னாடியே தெரியும், மாசாமாசம் வங்கி எடுத்துக்கும். பழசுல நஷ்டம் வரலாம், வராமலும் போகலாம். வந்தா ஒரே நாள்ல மூணு லட்சம் கேக்கும். அந்த மூணு லட்சம் கையில இருக்கறவருக்குப் பழசு. 36-ல 33-ஐக் குடுத்துட்டு, மிச்ச மூணுல டயரும் இன்சூரன்ஸும் போட்டுட்டுச் சாமி கும்பிடறவருக்கு இல்லை.

பழசுக்கு லோன் போட்டா இன்னும் மோசம். வட்டி கூட, அதோட பத்து வருஷக் காருக்கு வங்கிக கையை விரிக்கும். பர்சனல் லோன்னு போனா இருக்கற கையிருப்பையும் இஎம்ஐ தின்னுடும்.

அதனால 33-க்கு வேண்டாம். 29-க்கு மேல ஒரு ரூபா சொல்லாதீங்க. அஞ்சு லட்சத்தைத் தனி டெபாசிட்டா ஒதுக்குங்க. அது காரோட காசு, உங்களுது இல்லை.

நவம்பர் 15

பெட்ரோல் பத்திக் கேட்ட நண்பருக்கு. 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வர்ற கார்க 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கற ரப்பர், குழாயோட வருது. 2016 கார் அதுக்குன்னு செஞ்சதில்லை. நாளைக்கே எஞ்சின் நின்னுடும்னு யாராவது பயமுறுத்தினா நம்பாதீங்க. எரிசக்தி கம்மி, அதனால மைலேஜ் கொஞ்சம் இறங்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். வாரத்துக்கு ஒரு டேங்க் ஓட்டற காருக்கு ஒண்ணும் தெரியாது. மாசக்கணக்கா நிக்கற காருக்குத்தான் தொந்தரவு. ஸ்போர்ட்ஸ் கார்க நிக்கற கார்கதானே.

எத்தனால் இல்லைன்னு சொல்ற 100 ஆக்டேன் பெட்ரோல் கிடைக்குது, லிட்டர் 160 ரூபா பக்கம். கார் நிறுத்தி வைக்கறதுக்கு முன்னாடி அதுல ஒரு டேங்க் நிரப்பறவங்க உண்டு. தினமும் அதை ஊத்தி ஓட்டறதுக்கு 230 பிஎஸ் கார்ல அவசியம் இல்லை.

எத்தனாலை விடப் பெரிய வில்லன் எலி. கொரோனா ஊரடங்குல என் கார்ல பானெட் அடியில குடும்பமே நடத்திட்டு, வயரைத் தின்னு வெச்சிட்டுப் போச்சு. ஒரு வயர் கட்டு மாத்தறதுக்குள்ள ஒர்க்‌ஷாப்காரர் முகத்தைப் பாத்தே எனக்குப் பாதி தமிழ் மறந்துடுச்சு. புகையிலைத் தூள், நாப்தலின், கடையில விக்கற ஸ்ப்ரே எல்லாம் பாத்தாச்சு. பலிச்சது ஒண்ணுதான்: ரெண்டு நாளைக்கு ஒருக்கா காரை எடுக்கறது.

நவம்பர் 16, ஞாயிறு

கொஞ்சம் வழி மாறிப் போறேன், பொறுத்துக்குங்க. "வாங்கி எங்கே ஓட்டறது"ன்னு கேட்டிருக்கீங்க. அவிநாசி ரோட்ல பத்து கி.மீ. மேம்பாலம் திறந்ததிலருந்து ஊர்ல பாதிப்பேருக்கு அதுதான் ரேஸ் டிராக்னு நெனைப்பு. தயவு செஞ்சு அங்க வேண்டாம். வால்பாறைக்கு ஆழியாறுலருந்து நாப்பது ஊசிக்கொண்டை வளைவு, ஆனா இந்த மாசத்துலருந்து இ-பாஸ், அதோட முன்னாடி ஒரு டீத்தூள் லாரி எப்பவும் இருக்கும். வரையாடு நின்னா ஓரமா நிறுத்தணும். அது வேகத்துக்கான ரோடு இல்லை, பாக்கறதுக்கான ரோடு.

ஓட்டணும்னா செட்டிபாளையம். கரி மோட்டார் ஸ்பீட்வே, 2003-ல திறந்தது, ரெண்டு கிலோமீட்டருக்குச் சொச்சம். பேர்ல இருக்கற கரி யாருன்னு இப்போ வர்ற பசங்களுக்குத் தெரியறதில்லை. எஸ். கரிவரதன். 1980-களோட கடைசியில மாருதி 800 எஞ்சினை வெச்சு ஒற்றை இருக்கை ரேஸ் காரு கட்டினவர். ஃபார்முலா மாருதின்னு பேரு. விலை கட்டுப்படியாகற ரேஸ் காரு அதுக்கு முன்னாடி நம்ம நாட்டுல கிடையாது. 1995-ல விமான விபத்துல போயிட்டார். நம்ம ஊர் நரேன் கார்த்திகேயன் 2005-ல ஜோர்டன் அணியில ஃபார்முலா ஒன் ஓட்டினார், முதல் இந்தியர். அவரும் ஃபார்முலா மாருதியில பழகினவர்தான். எண்ணூறு சிசி எஞ்சின்ல தொடங்கின ஊருங்க இது. 230-ஆ 265-ஆன்னு நாம அடிச்சுக்கறோம்.

டிராக்ல என் காரை ஓட்டினப்போ தெரிஞ்சது, நேர்க்கோட்டு வேகத்துக்கு அங்க வேலையே இல்லை. பிரேக்தான் முதல்ல கை விடும். கொஞ்ச நேரத்துலயே பெடல் பஞ்சு மாதிரி ஆயிடுச்சு. டிராக் போறதா இருந்தா பிரேக் எண்ணெயை மாத்திட்டுப் போங்க, எந்தக் காரா இருந்தாலும்.

நவம்பர் 22

வர்ற வாரம் சென்னை போறீங்கன்னு எழுதியிருக்கீங்க. பாக்க வேண்டியது இதுதான், வரிசையெல்லாம் இல்லை, ஞாபகம் வர்றபடி.

முதல்ல தண்ணி. சென்னைக் காருன்னாலே 2023 டிசம்பர் வெள்ளத்தைக் கேளுங்க, அப்போ எங்கே நின்னுச்சுன்னு. பதிலை நம்பாதீங்க. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க, அடியில சேத்துக் கோடு இருந்தா கதை முடிஞ்சது. சீட் தண்டவாள போல்ட்ல துரு, கார்ப்பெட்டுக்கு அடியில நாத்தம், டிக்கி தரையைத் தூக்கினா மண்டி. புதுசா அடிச்ச வாசனை ஸ்ப்ரே தூக்கலா இருந்தாலும் சந்தேகப்படுங்க.

டயர்ல நாலு இலக்கம் இருக்கும். 2319-ன்னா 2019-ஓட 23-ஆவது வாரம். 38,000 ஓடின கார்ல டயர்ப் பள்ளம் நல்லாத்தான் தெரியும், ரப்பர் கல்லாயிருக்கும். நாலுலயும் ஒரே பிராண்ட், ஒரே அளவு இருக்கா பாருங்க. நாலு சக்கர இழுவைக் கார்ல முன்ன பின்ன வேற வேற தேய்மானம் இருந்தா, பின்சக்கரத்துக்குச் சக்தி அனுப்பற ஹால்டெக்ஸ் கிளட்சுக்கு வேலை கூடும். அந்த ஹால்டெக்ஸ் எண்ணெயை மாத்தின பில் இருக்கான்னும் கேளுங்க. பெரும்பாலும் இருக்காது.

கியர்பாக்ஸ் ஆறு கியர் டிஎஸ்ஜி (ரெட்டைக் கிளட்சு ஆட்டோமேட்டிக்), எண்ணெய்ல மூழ்கின கிளட்சு. உலர் கிளட்சு ஏழு கியர்ல கேக்கற அழுகை இதுல குறைவு. அறுபதாயிரத்துக்கு ஒருக்கா எண்ணெய் மாத்தணும், இந்தக் கார் இன்னும் அங்க வரலை, ஆனா வயசுக்காக மாத்திடுங்க. இறக்கத்துல, டிராஃபிக்ல ஊர்ந்து போகும்போது உதறுதா பாருங்க. எஞ்சின்ல தண்ணி பம்ப், தெர்மோஸ்டாட் ரெண்டும் ஒரே பிளாஸ்டிக் கூட்டுக்குள்ள இருக்கும், அதுல கசியறது இந்த எஞ்சின் வகையில எல்லாருக்கும் தெரிஞ்ச பிரச்சினை. கூலன்ட் குறைஞ்சிருக்கான்னு எஞ்சின் ஆறின பிறகு பாருங்க. பழைய டிடியில செயின் டென்ஷனர் (எஞ்சின் செயினை இறுக்கி வெக்கற பாகம்) பயம் இருந்துச்சு, 2016-ல அது வேற வடிவம், அதுக்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

காரோட கம்ப்யூட்டர்களைப் படிக்கற ஸ்கேனர் வெச்சிருக்கற ஆளைக் கூட்டிட்டுப் போங்க. டயல்ல கிலோமீட்டரைக் குறைக்கறது சுலபம். மத்த கம்ப்யூட்டர்கள்ல பதிஞ்ச கிலோமீட்டர் அதோட ஒத்துப் போகுதான்னு பாருங்க.

காலையில எஞ்சின் சூடா இருந்தா நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்கார்னு அர்த்தம். அப்படியே திரும்பிடுங்க, ஒரு ஃபில்டர் காபி குடிச்சுட்டு.

நவம்பர் 23

ராம்ப்! அதை மறந்துட்டோம். உங்க அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் ராம்ப் எவ்வளவு செங்குத்து? டிடி முன்மூக்கு நீளம். சைக்கிள்ல ஒரு பலகையைக் கட்டி அளந்து பாத்தவரை எனக்குத் தெரியும், கிண்டல் இல்லை. ஓனர்கிட்ட டெஸ்ட் டிரைவுக்கு வாங்கும்போது உங்க ராம்ப் மாதிரி ஒண்ணுல ஏத்திப் பாருங்க. ஸ்பீட் பிரேக்கரைக் குறுக்கா ஏறிப் பழகணும், பின்னாடி பஸ்காரர் ஹார்ன் அடிச்சாலும் சரி.

பையனுக்குப் பின்சீட் இன்னும் மூணு நாலு வருஷம் தாங்கும். அதுக்கு அப்புறம் அவன் முன்னாடி, உங்க வீட்டுக்காரம்மா ஸ்விஃப்ட்ல.

டிசம்பர் 6

சென்னை போயிட்டு வந்து போட்ட ஸ்கேன் அறிக்கை பாத்தேன். சுத்தமா இருக்கு, கிலோமீட்டரும் ஒத்துப் போகுது. டயர் 2018. கூலன்ட் கசிவு ஆரம்பம், கறை தெரியுது. இதைக் காமிச்சு விலையை இறக்குங்க.

ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நடுவுல ஒரு வழி இருக்கு. 2020-ல ஆக்டேவியா ஆர்எஸ் 245 இருநூறு கார் வந்துச்சு, 35.99 லட்சத்துக்கு. இப்போ விலைக்கு வந்தா உங்க பட்ஜெட்டுக்குள்ள அடங்கும். 370 நியூட்டன் மீட்டர் டார்க், ஏழு கியர், முன்சக்கரம் ஒண்ணு மட்டும் வீணாச் சுத்தாம தடுக்கற டிஃபரன்ஷியல். அஞ்சு பேர், மூட்டை முடிச்சோட ஊட்டி. இரும்புக் கதவு, நம்ம டிங்கரே தட்டுவார். புது ஆக்டேவியா ஆர்எஸ் அக்டோபர்ல 49.99-க்கு நூறு கார் வந்து அப்பவே முடிஞ்சிடுச்சு, அதைக் கனவுல வெச்சுக்கலாம்.

புத்தியால பாத்தா 245 தான். ஆனா நீங்க கேள்வியில எழுதின விதத்தைப் பாத்தா உங்களுக்கு அது ஆறாது. கதவைப் பூட்டிட்டு நாலடி போய்த் திரும்பிப் பாக்கற கார் வேணும் உங்களுக்கு. நானும் அந்த நோய்க்காரன்தான்.

டிசம்பர் 7

"ரெண்டும் வேண்டாம், அந்தக் காசுல தோட்டம் வாங்கு"ன்னு ஒரு பெரியவர் எழுதியிருக்கார். ஐயா, தோட்டத்தை வித்துத்தான் இங்க வந்திருக்கார்.

டிசம்பர் 20

30.25-க்கு முடிச்சிட்டீங்களாமே. நான் சொன்ன 29-ஐத் தாண்டிட்டீங்க, சரி, டயர் அவர் செலவுல போட்டுத் தந்திருக்கார்னா கணக்கு நேராகிடுது. ஜிடிஐ புக்கிங்கையும் விட்டாச்சு. அந்த அஞ்சு லட்சத்தை மட்டும் தொடாதீங்க.

எடுத்துட்டு வர்றதுக்கு முன்னாடி: ஓனர் பேர் மாத்தற ஃபார்ம் 29, 30 ரெண்டுலயும் விக்கறவர் கையெழுத்து. ஆர்சியில பழைய லோன் பதிவு இருந்தா, அதை நீக்கற ஃபார்ம் 35-ம் வங்கியோட தடையில்லாச் சான்றும் இல்லாம முழுப் பணம் குடுக்காதீங்க. பாலிசியை 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்த எழுதிக் குடுக்கணும். அதுக்குள்ள மாத்தலைன்னா எதிராளிக்கான பகுதி மட்டும்தான் நிக்கும், உங்க காருக்கு அடிபட்டா ஒண்ணும் கிடைக்காது. அவரோட நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் பண்ணாததுக்குக் கிடைச்ச தள்ளுபடி) அவரோட போயிடும், அதனால பிரீமியம் வித்தியாசம் கேப்பாங்க, அதிர்ச்சியாக வேண்டாம். பதிவு 2031 வரைக்கும் ஓடும்.

அவரோட ஃபாஸ்டேக்கைக் கழட்டி, கணக்கை மூடச் சொல்லிட்டு, புதுசு ஒட்டிட்டுக் கிளம்புங்க. விழுப்புரம் டோல் போய் நின்னப்புறம் ஞாபகம் வந்தா, பணமா குடுத்தா ரெட்டைக் கட்டணம். போன மாசம் 15-லருந்து யூபிஐன்னா ஒண்ணேகால் மடங்குதான்.